பந்தயக்களத்தில் ஒரு பழைய கைத்துப்பாக்கி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஓஹையோ மாநிலத்தின் வட எல்லையாக ஈரி என்னும் பேரேரி அமைந்துள்ளது. கடலோ என்று மயங்கும்படி அகன்று கிடக்கும் அவ்வேரியின் கரையில் காம்ப் பெரி என்ற படைப்பயிற்சித் திடல் ஒன்று உண்டு. 1813-இல் அந்த ஏரியில் நடந்த கப்பற்போரில் வெற்றி கண்ட ஆலிவர் ஹாஸர்ட் பெரி என்பவரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானிய, இத்தாலியப் போர்க்கைதிகளை அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். ஆயினும் அத்திடலுக்குப் புகழ் தேடித் தந்தவை போரோ சிறையோ அல்ல. 1907ஆம் ஆண்டு முதல் அங்கே கூடிவரும் தேசியத் துப்பாக்கிப் பந்தயங்களே. அவற்றுள் ஒன்றைப் பற்றித்தான் இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். அமெரிக்கப் படைவீரனின் இடுப்பில் ஒரு காலத்தில் தொங்கிய பழைய கைத்துப்பாக்கியை, படையில் வழங்கப்பட்ட அதே நிலையில், எவ்விதச் செப்பனும் செய்யாமல் எடுத்து வந்து குறி பார்த்துச் சுடும் பந்தயம் அது.

இதில் என்ன புதுமை என்று நீங்கள் கேட்கலாம். இன்றைய பந்தயத் துப்பாக்கி எத்தகையது என்பதை அறிந்தால் புதுமை விளங்கும். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் நாட்டு மனு பாக்கர் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியால் வெண்கலப் பதக்கம் பெற்றதை நீங்கள் படத்தில் கண்டிருப்பீர்கள். அத்தகைய துப்பாக்கியின் பிடி, சுடுபவரின் உள்ளங்கை மேடு பள்ளங்களுக்கு ஏற்பச் செதுக்கப்படுவது. குறிகளை நுண்ணிய திருகுகளால் இடமும் வலமும் மேலும் கீழும் நகர்த்தலாம். விசையை இழுக்க 500 கிராம் விசைபலம் இருந்தால் போதும்; அதற்குக் குறையக் கூடாது என்பதே விதி. ஆகவே சுடுபவருக்கும் இலக்குக்கும் இடையே கருவியால் வரக்கூடிய தடைகள் ஏறக்குறைய நீங்கிவிட்டன எனலாம்.

நான் சொல்லும் படைத்துப்பாக்கியோ நேர்மாறானது. இரும்புப் பாளம் போன்ற உடல். எடை ஏறத்தாழ 1.1 கிலோகிராம். அதன் விசையை இழுக்க ஐந்து முதல் ஆறரைப் பவுண்டு வரை விசைபலம் வேண்டும். அதாவது இரண்டேகால் கிலோகிராமுக்கு மேல். கையில் உள்ள பொருளின் எடையைப் போல் இரு மடங்கு விசைபலத்தை அப்பொருளின் மீதே ஒரு விரலால் செலுத்த வேண்டும்; செலுத்தும்போது அப்பொருள் மயிரிழையும் அசையக் கூடாது. குறிகளோ இரண்டு சிறு இரும்புத் துண்டுகள். மாலை வெளிச்சத்தில் அவற்றைக் காண்பதே ஒரு முயற்சி.

அதன் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். இந்நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கர் பிலிப்பைன் தீவுகளில் போரிட்டபோது, தங்கள் படையினரின் சுழல்துப்பாக்கி போதிய வலிமை உடையதன்று என்று உணர்ந்தார்கள். 1904-இல் படைக்கல அதிகாரி ஒருவரும் இராணுவ மருத்துவர் ஒருவரும் சோதனைகள் நடத்தி, குண்டின் விட்டம் .45 அங்குலத்துக்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தனர். அவ்வளவில் ஒரு தானியங்கிக் கைத்துப்பாக்கியைச் செய்து தந்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரில் துப்பாக்கி செய்பவரின் மகனாகப் பிறந்து, தந்தையின் பட்டறையிலேயே தொழில் பயின்றவர் அவர். 1911 மார்ச் மாதத்தில் நடந்த இறுதிச் சோதனையில் அவருடைய துப்பாக்கி 6,000 குண்டுகளைச் சுட்டது. ஒரு முறையேனும் இடையில் சிக்கவில்லை. அம்மாதம் 29ஆம் நாள் படை அதனை ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டே அதன் பெயராயிற்று. 1924-இல் சிற்சில திருத்தங்கள் செய்யப்பட்டன. சுத்தியல் போன்ற பின்பகுதி, பின்னே சாயும்போது சுடுபவரின் கைச்சதையைக் கடிப்பது வழக்கம். அதைத் தடுக்கும் பொருட்டுப் பிடியின் மேல்முனை நீட்டப்பட்டது. அத்திருத்தத்தின் அருமை கடிபட்டவர்களுக்கே தெரியும்.

இரண்டாம் உலகப் போரில் இத்துப்பாக்கிக்குத் தேவை பெருகியபோது, அதனைச் செய்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? மிகுதியாகச் செய்தது ரெமிங்டன் ராண்ட் என்னும் தட்டச்சுப்பொறி நிறுவனம். எட்டு இலட்சத்துக்கும் மேல் செய்து கொடுத்தது. இரயில்வே சைகைக் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றும் செய்தது. நம் வீடுகளில் தையல் இயந்திரத்தால் பெயர் பெற்ற சிங்கர் நிறுவனமும் ஐந்நூறு செய்தது; அந்த ஐந்நூறும் இன்று சேகரிப்போரிடம் பெருவிலை பெறுகின்றன. இவர்களுள் எவர் செய்த உறுப்பாயினும் மற்றவர் செய்த துப்பாக்கியில் பொருந்த வேண்டும் என்பது அரசாங்கத்தின் கட்டளை. போர்முனையில் மூன்று துப்பாக்கிகள் உடைந்தால் அவற்றின் உறுப்புகளைக் கொண்டு ஒன்றையேனும் உருவாக்க வேண்டும் அல்லவா?

இங்கேதான் நம் பொருளின் உயிர்நிலை இருக்கிறது. எவருடைய உறுப்பும் எதிலும் பொருந்த வேண்டுமானால் உறுப்புகளுக்கிடையே சிறிது இடைவெளி விடவேண்டும். சேறும் மணலும் புகுந்தாலும் ஓட வேண்டுமானால் இன்னும் சிறிது விடவேண்டும். ஆகவே இப்பழைய துப்பாக்கியைக் காதருகே வைத்து ஆட்டினால் கிலுகிலுப்பை போல ஒலிக்கும். அவ்வொலி பிழையன்று, அதன் நம்பகத்துக்குக் கொடுத்த விலை. போர்க்களத்தில் நற்பண்பாக விளங்கிய அந்தத் தளர்ச்சிதான் பந்தயக்களத்தில் குறையாக மாறுகிறது.

எப்படி என்று விளக்குகிறேன். இத்துப்பாக்கியின் குழல் அசையாமல் பொருத்தப்பட்டதன்று. குழலும், அதைத் தழுவி மேலே சறுக்கும் கனத்த பகுதியும் சுடும் கணத்தில் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருக்கும். குண்டு வெளியேறும்போது இரண்டும் சேர்ந்து சிறிது பின்செல்லும். பிறகு ஒரு சிறிய இணைப்புத் துண்டு குழலின் பின்முனையைக் கீழே இழுக்க, பூட்டு விலகும். சறுக்கும் பகுதி மட்டும் தொடர்ந்து பின்சென்று, வெற்றுக்கூட்டை எறிந்து, திரும்பும்போது அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். ஒவ்வொரு வேட்டுக்கும் குழல் இவ்வாறு இறங்கி ஏறுகிறது. குறிகளோ சறுக்கும் பகுதியின் மேல் இருக்கின்றன. ஏறிய குழல் முன்பிருந்த இடத்திலேயே சரியாக அமர்ந்தால் குண்டு முன்போன இடத்திலேயே போகும். இம்மியளவு மாறி அமர்ந்தால் குறி ஒன்று சொல்ல, குழல் வேறொன்றைச் செய்யும். ஆட்டினால் கிலுகிலுக்கும் அடிப்பகுதித் தளர்ச்சியைக் கண்டு புதியவர்கள் அஞ்சுவார்கள். உண்மையில் அதனால் விளையும் கேடு சிறிது. குழல்முனையைத் தாங்கும் வளையத்தில் உள்ள தளர்ச்சியே பெரிது.

இதனைத் திருத்த வழியில்லையா என்றால், உண்டு. இறுக்கமான வளையம், நன்கு பொருந்திய குழல், உயரமான குறிகள், இளக்கிய விசை என்று ஒவ்வொன்றாகச் செப்பனிட்டுப் பந்தயத் துப்பாக்கியாக்கும் கலை ஒன்று வளர்ந்தது. 1955 முதல் அரசாங்கத்தின் ஸ்பிரிங்பீல்டு படைக்கலச் சாலையே தேசியப் பந்தயங்களுக்காக இவ்வாறு செப்பனிட்டுத் தந்தது. கைதேர்ந்த தொழிலாளர் அரத்தைக் கொண்டு செய்த அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதன் விளைவு யாதாயிற்று? நல்ல தொழிலாளியை அமர்த்தப் பணம் உள்ளவர் முந்தினார். பெயரளவில் படைத்துப்பாக்கி, உள்ளே முற்றிலும் வேறு. ஆகவேதான், செப்பனிடாத துப்பாக்கிக்கென்று தனிப் பந்தயம் ஏற்பட்டது எனக்கு மகிழ்ச்சி அளிக்கிறது. இதில் எல்லோருடைய துப்பாக்கியும் ஏறத்தாழ ஒரே அளவு குறையுடையது. குறைகள் சமமானால், எஞ்சி நிற்பது சுடுபவரின் திறம்.

பந்தயத்தின் முறை எளியது. இலக்கு இருபத்தைந்து கஜத் தொலைவில் நிற்கும். பத்துக் குண்டுகளைப் பத்து நிமிடத்துக்குள் நிதானமாகச் சுடலாம். அடுத்து, ஐந்து குண்டுகளை இருபது விநாடியில் சுடவேண்டும். அவ்வாறு இரு முறை. அதன்பின் ஐந்து குண்டுகளைப் பத்தே விநாடியில். அதுவும் இரு முறை. மொத்தம் முப்பது குண்டுகள், முந்நூறு புள்ளிகள். நின்றுகொண்டு ஒரு கையால் சுடுவது இவ்வகைப் பந்தயங்களின் நெடுங்கால மரபு. குதிரைமேல் இருப்பவனுக்கு ஒரு கை கடிவாளத்துக்கு வேண்டுமே! குதிரைப்படை மறைந்த பின்னும் அதன் நிழல் பந்தயத்தில் நெடுநாள் நின்றது.

பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் விட்டம் 3.36 அங்குலம். ஒரு சிறிய கோப்பையின் வாய் அளவு. இதில் குண்டைச் செலுத்த என்ன வேண்டும் என்பதைக் கணக்கு மாணவர்கள் எளிதில் காணலாம். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே உள்ள நீளம் ஏறத்தாழ ஆறரை அங்குலம். இருபத்தைந்து கஜம் என்பது 900 அங்குலம். வடிவொத்த முக்கோணங்களின் விதிப்படி, குறிகளிடையே நேரும் பிழை இலக்கில் ஏறத்தாழ 138 மடங்காகப் பெருகும். முன்குறி தன் இடத்திலிருந்து ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு விலகினால், குண்டு சற்றேறக்குறைய 1.4 அங்குலம் விலகி நடுவட்டத்தின் விளிம்புக்குச் செல்லும். நூறில் ஒரு பங்கு என்பது நாம் எழுதும் தாள் இரண்டு மூன்றை அடுக்கினால் வரும் கனம். அதே சமயத்தில், குறிகள் இரண்டும் ஒழுங்காக நேர்நின்று, கை முழுவதும் அப்படியே அரை அங்குலம் பக்கவாட்டில் நகர்ந்தால், குண்டும் அரை அங்குலமே நகரும், புள்ளி குறையாது.

இக்கணக்கிலிருந்து ஒரு பாடம் பிறக்கிறது. அது முதலில் கேட்போருக்கு முறையற்றதாகவே தோன்றும். இலக்கைப் பார்க்காதே, முன்குறியைப் பார் என்பதே அப்பாடம். மனிதக் கண் ஒரே நேரத்தில் அண்மையிலும் சேய்மையிலும் தெளிவாகக் காண இயலாது. இலக்கைத் தெளிவாகக் கண்டால் குறிகள் மங்கும். மங்கிய குறியில் நூறில் ஒரு பங்கைக் காண்பது எப்படி? ஆகவே தேர்ந்தவர்கள் இலக்கை ஒரு கரிய மேகம் போல மங்கவிட்டு, கையருகே உள்ள அந்தச் சிறு இரும்புத் துண்டின் விளிம்பையே கூர்ந்து நோக்குகிறார்கள். வயதானவர்கள் இதற்கென்றே தனிக் கண்ணாடி அணிந்து வருகிறார்கள். கை ஆடுவதைப் பற்றியும் அவர்கள் கவலைப்படுவதில்லை. மூச்சும் நாடித்துடிப்பும் உள்ள உடலில் கை ஆடத்தான் செய்யும். ஆட்டம் நின்ற கணத்தில் சட்டென்று இழுத்துவிடலாம் என்று விரலுக்கு ஆணையிடுபவனே கெடுகிறான்.

இனி, இத்துப்பாக்கியைப் பற்றிய மிகப் பெரிய தப்பெண்ணத்துக்கு வருகிறேன். இது கையை உதைத்து எறியும், ஆகையால் குறி தவறும் என்று பல படைவீரர்கள் குறைகூறி வந்தார்கள். எதிரே நிற்கும் களஞ்சியத்தைக்கூட இதனால் சுட முடியாது என்று சொன்னவர்கள் உண்டு. மறுபக்கம், இதைப் போன்ற ஆயுதம் உலகில் இல்லை என்று வழிபடுவோரும் அந்நாட்டில் உண்டு. இரு சாராரும் மிகைப்படுத்துகிறார்கள். உண்மையை அளந்து பார்ப்போம். பதினைந்து கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 250 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. குழலின் நீளம் ஐந்தங்குலம். அதைக் கடக்கக் குண்டுக்கு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே ஆகிறது. மனிதனுடைய நரம்பு ஒரு செய்தியை உணர்ந்து தசைக்கு ஆணையிட அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல் காலம் வேண்டும். எனவே உதைப்பை நாம் உணரும்போது குண்டு துப்பாக்கியை விட்டுப் போய்விட்டது. உதைப்பைக் கண்டு துள்ளிய கை, இனி அக்குண்டை என்ன செய்ய இயலும்? குறியைக் கெடுப்பது வந்த உதைப்பு அன்று. வரப்போகும் உதைப்பைப் பற்றிய எண்ணம். வெடிக்கும் என்று அறிந்த மனம் வெடிப்பதற்கு முன்பே மணிக்கட்டைக் கீழே அழுத்திவிடுகிறது. வலக்கையால் சுடுபவனுடைய குண்டுகள் இலக்கின் கீழ்இடப்புறத்தில் கூட்டமாக விழுந்திருந்தால், நோய் இன்னதென்று அனுபவசாலி உடனே சொல்லிவிடுவார்.

இந்நோய்க்கு ஒரு பழைய மருந்து உண்டு. அதை ஒரு பயிற்சிக் கழகத்தில் நான் நேரில் கண்டேன். பயிற்சி தருபவர் முதியவர். பயில்பவர் இருபது வயது இளைஞர். முதியவர் தாமே தோட்டாக்கூட்டை நிரப்பினார். உயிருள்ள தோட்டாக்களுக்கு இடையே மருந்தில்லாத போலித் தோட்டாக்கள் சிலவற்றை, இளைஞர் அறியாமல் கலந்தார். இளைஞர் சுட்டார். முதலது வெடித்தது, இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவது வெறும் 'டிக்' என்றது. ஆனால் வெடிக்காத அத்துப்பாக்கியின் முனை, ஏதோ பேரிடி விழுந்தாற்போல் இரண்டங்குலம் தாழ்ந்து மீண்டது. இளைஞர் தம் கையைத் தாமே வியந்து நோக்கினார். முதியவர் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டை வாங்கி மீண்டும் நிரப்பினார். அன்று பிற்பகல் முழுவதும் இதுவே நடந்தது. பொழுது சாய்வதற்குள் போலித் தோட்டா வந்தபோது முனை அசையாமல் நிற்கக் கண்டேன். அவ்வளவு நேரமும் இலக்கில் எத்தனை புள்ளி என்று இருவருள் ஒருவரும் பார்க்கவே இல்லை.

மனிதனைக் கொல்வதற்கென்று செய்த கருவியைக் கொண்டு விளையாடுவது தகுமா என்ற கேள்வி உங்களுள் சிலருக்கு எழுந்திருக்கும். எழ வேண்டிய கேள்விதான். ஈட்டி எறிதலும் வில்வித்தையும் அவ்வழியில் வந்தவையே என்று விடை கூறுவோர் உண்டு. 1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக்கிலேயே படைக் கைத்துப்பாக்கிப் போட்டி இருந்தது. அமெரிக்கச் சகோதரர்களான ஜான் பெய்ன் முதலிடமும் சம்னர் பெய்ன் இரண்டாமிடமும் பெற்றார்கள். இவை எல்லாம் உண்மையே. எனினும் ஈட்டியால் இன்று எவரும் கொல்லப்படுவதில்லை. கைத்துப்பாக்கியால் அந்நாட்டில் நாள்தோறும் உயிர்கள் போகின்றன. இவ்வேறுபாட்டை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. பந்தயக்களத்தில் இதனை மறந்தவர்களை நான் காணவில்லை என்பதை மட்டும் சொல்வேன். அங்கே ஆணை பிறக்கும்வரை எவரும் துப்பாக்கியைத் தொடமாட்டார். தொட்டாலும் முனை இலக்குத் திசையை விட்டு விலகாது. சுட்டு முடிந்ததும் தோட்டாக்கூட்டை நீக்கி, சறுக்கும் பகுதியைப் பின்னே திறந்து நிறுத்தி, குழல் வெறுமையானது என்பதை வெளியிலிருந்தே காணும்படி ஒரு நிறத் துண்டைச் செருகி மேசைமேல் வைப்பார்கள். அனைவரும் இவ்வாறு வைத்த பின்பே எவரேனும் இலக்கை நோக்கி நடக்கலாம். புள்ளியைத் தமக்குத் தாமே எண்ணிக்கொள்ளும் வழக்கமும் இல்லை. அடுத்த இடத்தில் சுட்டவரே எண்ணி எழுதுவார்.

இத்துப்பாக்கிகள் பந்தயக்காரர்களுக்கு எங்கிருந்து கிடைக்கின்றன என்பதும் அறியத்தக்கது. 1945-க்குப் பின் அமெரிக்க அரசாங்கம் படைகளின் பொதுப் பயனுக்கென்று இவற்றைப் புதிதாகச் செய்விக்கவில்லை. கொரியாவிலும் வியட்நாமிலும் வீரர்கள் ஏந்தியவை முன்னைய போர்களுக்காகச் செய்தவையே. 1985-இல் இத்தாலிய வடிவான ஒன்பது மில்லிமீட்டர் துப்பாக்கி இதன் இடத்தைப் பெற்றது. எஞ்சியவை கிடங்குகளில் உறங்கின. 2015-இன் இறுதியில் இயற்றிய சட்டம், அவற்றுள் ஆண்டுக்குப் பதினாயிரத்துக்கு மேற்படாமல், பொதுமக்களின் குறிசுடும் பயிற்சியை நடத்தும் நிறுவனத்துக்கு மாற்றித்தர வழிசெய்தது. 2018-இல் அந்நிறுவனம் விண்ணப்பங்களைப் பெற்று, குலுக்கலில் வரிசை அமைத்து, வாங்குவோரின் பின்னணியை ஆராய்ந்த பின்பே விற்கத் தொடங்கியது.

வாங்கியவருக்கு உடனே ஒரு தருமசங்கடம் நேர்கிறது. இதனைச் சுடுவதா, காப்பதா? முதல் உலகப் போர்க்காலத்துத் துப்பாக்கிகளில் சறுக்கும் பகுதியின் எஃகு, பிற்காலத்தைப் போல வெப்பமூட்டிக் கடினப்படுத்தியதன்று. பல்லாயிரம் முறை மோதி மோதி அதில் வெடிப்பு விழக்கூடும். அத்தகையதை மிகுதியாகச் சுடுவது, ஓலைச்சுவடியைக் கொண்டு விசிறிக்கொள்வதற்கு ஒப்பாகும் என்பது என் கருத்து. இரண்டாம் போர்க்காலத்தவை அதனினும் உறுதியானவை; அவற்றைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டியதில்லை. களைத்துப் போன சுருள்வில்லை மாற்றிவிட வேண்டும். அது தளர்ந்தால் இரும்பின் மோதல் கடுமையாகும். பழைய தோட்டாக்கூடுகளும் விளிம்பு தேய்ந்து, தோட்டாவைக் கோணலாக ஏற்றிச் சிக்கவைக்கும். வேகமாகச் சுடும் பத்து விநாடியில் அது நேர்ந்தால் வருந்திப் பயனில்லை.

வேதியியல் பயிலும் மாணவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 1950களின் தொடக்கம் வரை செய்த படைத்தோட்டாக்களின் தீமூட்டும் பொருளில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் தங்கும். அது நம் சமையல் உப்பின் உறவு; காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பைத் துருவேற்றும். எண்ணெயை எவ்வளவு பூசினாலும் உப்பு கரையாது, கரைப்பது நீரே. ஆகவே பழைய தோட்டாவைச் சுட்டவர்கள் வீடு திரும்பியதும் செய்யும் முதல் வேலை, குழலைக் கழற்றி, கொதிக்கும் நீரைப் புனல் வைத்து அதனுள் ஊற்றுவதாகும். சூடேறிய இரும்பு விரைவில் உலரும். எண்ணெய் அதன் பிறகு. சிலர் பந்தயத்துக்கென்று புதுக் குழல் ஒன்றைப் பொருத்திக்கொண்டு, துப்பாக்கியோடு பிறந்த குழலை எண்ணெய்த் துணியில் சுற்றி மேசை அறையில் வைத்துவிடுகிறார்கள்.